கண்காணாப் பங்காளிகள்

பாடாங் செராய் வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்து மறைந்த முதியவர்கள் காய்ச்சலை நாள்கணக்கு வைத்தே இனம் பிரித்தார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் வருவது ஒன்று. இரண்டு நாள் விட்டு வருவது மற்றொன்று. நாளும் பாராமல் பொழுதும் பாராமல் அடித்து, நினைவைத் தப்பச் செய்து, ஆளையே கொண்டுபோவது வேறொன்று. முறை வைத்து வருவதால் அதற்கு முறைக்காய்ச்சல் என்று பெயர். பள்ளிக்கூட வாசலை மிதித்தறியாத என் பாட்டி, "நாளைக்குப் பொழுது ஏறினதும் குளிர் எடுக்கும், கம்பளியை எடுத்து வை" என்று முதல்நாளே சொல்லிவிடுவாராம். சொன்னபடியே குளிர் எடுக்கும். பின் உடல் கொதிக்கும். பின் வியர்த்துக் கொட்டும். மறுநாள் அதே ஆள் காண்டா வாளியைத் தூக்கிக்கொண்டு பால் வெட்டப் போய்விடுவார். வைவாக்ஸ் என்னும் மலேரியாக் கிருமி நம் குருதியில் பெருகி வெடித்து வெளிவர 48 மணி நேரம் ஆகிறது என்றும், மலேரியே என்னும் இன்னொரு வகைக்கு 72 மணி நேரம் ஆகிறது என்றும், உயிரைக் கொண்டுபோவது பெரும்பாலும் பால்சிப்பாரம் என்னும் மூன்றாம் வகை என்றும் பிற்காலத்தில் நூல்களில் படித்தபோது, பாட்டியின் பாகுபாடும் அறிவியலாரின் பாகுபாடும் இவ்வளவு நெருங்கி நிற்பதைக் கண்டு நான் வியந்தேன்.

ஆனால் பாட்டி பிரித்தது காய்ச்சலை, கிருமியை அன்று. அந்தக் கிருமி எக்குலத்தைச் சேர்ந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள். இதில் என்னை இறக்கிவிட்டவன் ஒரு மாணவன். 1990களின் பிற்பகுதியில், கொசுக்கள் பரப்பும் நோய்களைப் பற்றி ஆறாம் ஆண்டு வகுப்பில் பேசிக்கொண்டிருந்தபோது அவன் எழுந்து, "ஐயா, மலேரியாக் கிருமி செடியா, விலங்கா?" என்று கேட்டான். அக்காலத்துப் பாட நூல்கள் அதனை ஓரணு விலங்கு என்று ஒரே வரியில் முடித்துவிட்டன. அந்த வரியைப் படித்துக் காட்டி உட்காரச் சொல்லியிருக்கலாம். அவன் கேட்ட விதத்தில் அதற்கு மனம் இடந்தரவில்லை. "முதலில் குட்டைத் தண்ணீர் ஒரு போத்தல் கொண்டுவா, பார்ப்போம்" என்றேன்.

நண்பர் ஒருவரிடம் இரவலாகப் பெற்ற நுண்ணோக்கி அது. தோட்டத்துக் குட்டையின் நீரில் ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்தால், அது சொட்டன்று, ஒரு நாடு. செருப்பின் அடிப்பாகம் போன்ற வடிவில் ஒன்று உருண்டு உருண்டு விரைகிறது. அதன் பெயர் பரமீசியம். உடல் முழுதும் மயிர் போன்ற குறுஇழைகள். அவை நெல்வயலில் காற்று வீசினாற்போல வரிசையாகச் சாய்ந்து எழுந்து அதனைச் செலுத்துகின்றன. ஒரு பக்கத்தில் வாய்போன்ற பள்ளம். உள்ளே பெரிய உட்கரு ஒன்று, அதன் அருகில் சிறிய உட்கரு ஒன்று. பெரியது அன்றாட ஆட்சிக்கு, சிறியது பரம்பரைக்கு. வலையைப் போல உருமாறி ஊர்ந்து, பொய்க்கால் நீட்டி இரையைச் சூழ்ந்து விழுங்குகிறது அமீபா. பச்சை நிறத்தில், தலைப்பக்கம் ஒரு செம்புள்ளியோடு, கசையிழையைச் சுழற்றி நீந்துகிறது யூக்ளினா. ஓடக்காரன் இல்லாத கண்ணாடி ஓடம்போல நழுவுகிறது டயாட்டம். அதன் ஓடு உண்மையிலேயே கண்ணாடி செய்யப் பயன்படும் சிலிக்காவால் ஆனது.

பரமீசியத்தின் உடலில் ஒரு குமிழ் விரிவதையும் சட்டென்று சுருங்குவதையும் மாணவர்கள் மிகவும் விரும்பிப் பார்த்தார்கள். அது இதயம் என்றே பலர் எண்ணினர். அது இதயமன்று, நீர் இறைக்கும் ஏற்றம். குட்டை நீரைவிட அவ்வுயிரின் உடலுக்குள் உப்பு மிகுதி. ஆகவே வெளிநீர் ஓயாமல் உள்ளே கசிகிறது. ஓட்டைச் சம்பானில் போகிறவன் ஒரு கையால் துடுப்பும் ஒரு கையால் தகரக் குவளையும் பிடிப்பதைப்போல, அது நீந்திக்கொண்டே இறைத்துக்கொண்டும் இருக்க வேண்டும். இறைப்பு நின்றால் உடல் வெடித்துவிடும். மலேரியாக் கிருமிக்கு இந்தச் சுருங்கு குமிழ் இல்லை. உப்பும் ஊட்டமும் நிறைந்த நம் குருதியில் வாழ்கிற அதற்கு இறைக்க வேண்டிய தொல்லை ஏது?

இவற்றை எளிய உயிர்கள் என்று எழுதும் வழக்கத்தை நாம் விட்டுவிடுவது நல்லது. நம் உடலின் ஓர் உயிரணு ஒரே ஒரு தொழிலைக் கற்றது. தசையணுவுக்குச் சீரணம் தெரியாது, நரம்பணுவுக்கு இரை பிடிக்கத் தெரியாது. குட்டையில் வாழும் பரமீசியமோ தேடுவது, உண்பது, செரிப்பது, கழிப்பது, தப்புவது, இணைவது ஆகிய அனைத்தையும் ஒரே உயிரணுவுக்குள் செய்துகொள்ள வேண்டும். தனிக்கட்டையாக வாழ்பவன் சமையலும் துவைப்பும் தானே கற்றாற்போல. ஆகையால் உயிரணு என்ற அளவில் அது நம்முடையதைவிடச் சிக்கலானது. பாக்டீரியாவிலிருந்து இவ்வுயிர்களைப் பிரிக்கும் கோடும் இங்கேதான் இருக்கிறது. பாக்டீரியாவின் பரம்பரைப் பொருள் சுவரில்லாத வெளியில் கிடக்கிறது. இவற்றிலோ அது சவ்வால் சூழப்பட்ட உட்கருவுக்குள் பத்திரமாக வைக்கப்பட்டிருக்கிறது. ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா, பொருள்களைக் கொண்டுசெல்லும் உட்சவ்வுகள், ஒன்பது இணைக்குழல்கள் வட்டமாகவும் இரண்டு நடுவிலுமாக அமைந்த கசையிழை என, நம் உயிரணுவில் உள்ள ஏற்பாடுகள் பெரும்பாலும் அங்கும் உண்டு. நம் மூச்சுக்குழலை உள்ளே துடைத்துக்கொண்டிருக்கும் குறுஇழையும் பரமீசியத்தின் குறுஇழையும் ஒரே அமைப்புடையவை என்று சொன்னபோது வகுப்பில் சிலர் தொண்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள்.

இனி, செடியா விலங்கா என்னும் வினா. உயிர்களை வகைப்படுத்துவது தமிழருக்குப் புதிதன்று. தொல்காப்பிய மரபியல் அறிவின் எண்ணிக்கையால் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை அடுக்குகிறது. அதே மரபியல், புறத்தே வைரம் உடையவற்றைப் புல் என்றும் அகத்தே வைரம் உடையவற்றை மரம் என்றும் பிரிப்பதை நம் மாணவர்க்கு எடுத்துக் கூறுவோர் குறைவு. அதன்படி தென்னையும் பனையும் உயரத்தால் எவ்வளவு ஓங்கினாலும் புல்லினத்தவையே. வெளித் தோற்றத்தை விட்டு உள்ளமைப்பை நோக்கிய பார்வை அது. இன்றைய தாவரவியலும் பனைக் குடும்பத்தைப் புல்லுக்கே நெருக்கமாக வைக்கிறது என்பதை எண்ணும்போது பெருமைக்கு இடமுண்டு. ஆனால் பெருமையோடு நின்றுவிடக் கூடாது. மரபியலின் ஆசிரியர் கண்ணால் கண்டவற்றையே வகுத்தார். கண்காணா உயிர்களுக்கு அங்கே இடமில்லை. இருக்க வழியுமில்லை.

கண்காணா உயிர்களை முதன்முதல் கண்டவர் ஆலந்து நாட்டுத் துணி வணிகர் லீவன்ஹூக். 1674ஆம் ஆண்டு ஏரி நீரில் அவற்றைக் கண்டு எழுதினார். அவருக்குப்பின் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் அறிஞர்கள் அசைவன எல்லாம் விலங்கு, பச்சையானவை எல்லாம் செடி என்று பங்கு போட்டுக்கொண்டார்கள். யூக்ளினா வந்து அந்தப் பங்கைக் கலைத்தது. அது விலங்குபோல நீந்துகிறது; செடிபோல வெயிலில் சோறாக்குகிறது. விலங்கியல் நூலிலும் அது இருந்தது, தாவரவியல் நூலிலும் இருந்தது. இரண்டு வீட்டிலும் இலை போட்ட விருந்தாளி! 1860இல் ஆங்கிலேயர் ஜான் ஹாக்கும் 1866இல் செர்மானியர் எர்ன்ஸ்ட் ஹெக்கலும் மூன்றாம் உலகம் ஒன்று வேண்டும் என்றனர். ஹெக்கல் வைத்த பெயரே புரோட்டிஸ்டா. 1969இல் அமெரிக்கர் ராபர்ட் விட்டேக்கர் உயிர்களை ஐந்து உலகங்களாக வகுத்தபோது புரோட்டிஸ்டா அவற்றுள் ஒன்றாக நிலைத்தது. இன்றும் பள்ளிகளில் பெரும்பாலும் ஐந்துலகமே பாடம்.

ஆயினும் அந்த உலகம் எவ்வாறு அமைந்தது என்று பாருங்கள். உட்கரு உடைய உயிர்களில் விலங்கை எடுத்தாயிற்று, செடியை எடுத்தாயிற்று, பூஞ்சையை எடுத்தாயிற்று. மிச்சம் கிடந்தவை அனைத்தும் புரோட்டிஸ்டா. நம் நாட்டு விண்ணப்பப் படிவங்களில் இனத்தைக் கேட்கும் இடத்தில் மலாய்க்காரர், சீனர், இந்தியர் என்று எழுதி, கடைசியில் 'லாயின்-லாயின்' என்றொரு கட்டம் இருக்குமே, அதுதான் புரோட்டிஸ்டா. அந்தக் கட்டத்தில் கோடிடுவோர் அனைவரும் ஒரு குடும்பம் என்று யாராவது எண்ணுவார்களா?

தோற்றம் வேறு, குலம் வேறு என்பதை விளக்கத் தமிழாசிரியர் வெளியே போக வேண்டியதில்லை. மொழிக்குடும்ப வரலாறு போதும். தெலுங்கிலும் மலையாளத்திலும் வடசொற்கள் நிறைந்திருப்பதைப் பார்த்து, அவை வடமொழியின் பிள்ளைகள் என்றே நெடுங்காலம் பலர் நம்பினர். 1816இல் எல்லிசும் 1856இல் கால்டுவெல்லும் கடன்சொற்களை ஒதுக்கிவைத்து, வேர்ச்சொற்களையும் இலக்கணத்தையும் ஒப்பிட்டுக் குடும்பத்தை நிறுவினார்கள். கம்பம், பசார் என்று நாள்தோறும் மலாய்ச் சொல் வழங்குவதால் நம் தோட்டத் தமிழ் மலாய்மொழி ஆகிவிடுமா? யூக்ளினாவின் பச்சை நிறமும் ஒரு கடன்சொல்லே. அதன் முன்னோன் ஒருவன் பச்சைப் பாசி ஒன்றை விழுங்கினான். செரிக்காமல் உள்ளே வைத்துக்கொண்டான். விழுங்கப்பட்ட பாசியே பசுங்கணிகம் ஆயிற்று. செடிகளின் பசுங்கணிகத்துக்கு இரண்டு சவ்வு. யூக்ளினாவின் பசுங்கணிகத்துக்கு மூன்று. அந்த மூன்றாம் சவ்வு, விழுங்கிய கதையின் தடயம். நிறத்தை ஒதுக்கிப் பரம்பரைப் பொருளை ஒப்பிட்டால் யூக்ளினாவின் நெருங்கிய உறவு ஆப்பிரிக்காவின் உறக்கநோய்க் கிருமி. அதற்குப் பச்சையும் இல்லை, இரக்கமும் இல்லை.

மலேரியாக் கிருமிக்கு வருவோம். 1880ஆம் ஆண்டு நவம்பர் 6ஆம் நாள், அல்சீரியாவின் கான்ஸ்டன்டைன் நகரில் பிரெஞ்சுப் படை மருத்துவர் அல்போன்ஸ் லவேரான், நோயாளி ஒருவரின் குருதித் துளியில் மெல்லிய கசைகள் துடிப்பதைக் கண்டார். உயிருள்ள ஒன்றுதான் இவ்வாறு துடிக்க முடியும் என்று தெளிந்தார். அவர் முதலில் சூட்டிய பெயர் ஆசிலேரியா மலேரியே. ஆசிலேரியா என்பது அக்காலத்தில் ஒருவகைப் பாசிக்கு வழங்கிய பெயர். பின்வந்தோர் அப்பெயரை விலக்கி, 1885இல் பிளாஸ்மோடியம் என்று மாற்றி, அதனை ஓரணு விலங்குகளோடு சேர்த்தனர். 1897 ஆகஸ்ட் 20ஆம் நாள் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ், கொசுவின் வயிற்றுச் சுவரில் அக்கிருமி வளர்வதைக் கண்டறிந்தார். நான்கே ஆண்டுகளில் அந்தக் கண்டுபிடிப்பு மலாயாவில் செயலாயிற்று. 1901இல் கிள்ளான் நகரையும் துறைமுகத்தையும் சூழ்ந்த சதுப்பை வடித்து, மருத்துவர் மால்கம் வாட்சன் அங்கே காய்ச்சலை வெகுவாகக் குறைத்தார்.

ஆனால் சமவெளியில் பலித்த மருந்து மலையடிவாரத்தில் பலிக்கவில்லை. காட்டின் நிழலில் முட்டையிடும் கொசு ஒன்று. வெயில் விழும் தெளிந்த ஓடையில் முட்டையிடும் கொசு இன்னொன்று. ரப்பர் நடுவதற்காக மலைச்சரிவுகளில் காட்டை அழித்ததும் ஓடைகளில் வெயில் விழுந்தது. மாக்குலேட்டஸ் என்னும் அனாபிலிஸ் கொசு அங்கே குடியேறியது. காடு வெட்டினால் காய்ச்சல் போகும் என்று நம்பியவர்கள் காடு வெட்டியே காய்ச்சலைக் கொண்டுவந்தார்கள். அதன்பின் ஓடைகளை மண்ணுக்கடியில் குழாய் வைத்து மூடுவதும், நீரில் எண்ணெய் தெளிப்பதும் வழக்கமாயின. பெரட்டுக் களத்தில் ஆட்களை வரிசையாக நிறுத்தி, வாயைத் திறக்கச் சொல்லிக் கொயினா கொடுத்ததும் அக்காலத்து நடைமுறைதான். அந்தக் கசப்பைப் பற்றிப் பேசும்போது எங்கள் வீட்டு முதியவர்கள் இருபது ஆண்டுக்குப் பிறகும் முகத்தைச் சுளிப்பார்கள்.

கொயினா கசப்பாவது வாய்த்ததே என்று எண்ண வைத்த காலமும் வந்தது. 1942, 1943ஆம் ஆண்டுகளில் சப்பானியர் சயாம் - பர்மா ரயில்பாதை போடுவதற்குக் கெடா உள்ளிட்ட மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொண்டுசென்றனர். பல்லாயிரவர் திரும்பவில்லை. என் தாத்தாவின் தம்பி அவர்களுள் ஒருவர். அடியும் பட்டினியும் காலராவும் கொன்றது போக, அந்தக் காட்டில் மலேரியாவும் அமீபா வயிற்றுக்கடுப்பும் கொன்றவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிவைத்தவர் யாருமில்லை. காலரா பாக்டீரியாவின் வேலை. மற்ற இரண்டும் புரோட்டிஸ்டா என்னும் கட்டத்தில் அடைக்கப்பட்ட உயிர்களின் வேலை. சின்னத் தாத்தாவுக்குப் படமில்லை, கல்லறையில்லை. சுங்கைப்பட்டாணியிலிருந்து வந்த ஒரு கிழவர், "காய்ச்சலில் போய்ட்டான்" என்று ஒரு சொல் சொல்லிவிட்டுப் போனாராம். அந்த ஒரு சொல்லே எங்கள் குடும்பத்து ஆவணம். எந்தக் காய்ச்சல், எத்தனை நாள் முறை என்று கேட்கப் பாட்டிக்கு வாய்க்கவில்லை.

விடுதலைக்குப் பின் 1967இல் மேற்கு மலேசியாவில் மலேரியா ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. லயத்துச் சுவர்களில் மருந்தடித்துப் படர்ந்த வெள்ளைத் திட்டுகளை என் வயதினர் மறந்திருக்க மாட்டார்கள். படிப்படியாக முறைக்காய்ச்சல் மறைந்தது. அந்தக் கிருமியை விலங்கு என்று எழுதிய நூல்கள் மட்டும் மாறாமல் இருந்தன.

1990களில் மாறின. பிளாஸ்மோடியத்தின் உள்ளே, உட்கருவிலும் மைட்டோகாண்ட்ரியாவிலும் இல்லாத, வட்டமான ஒரு சிறு பரம்பரைத் துண்டு கிடப்பதை ஆய்வாளர்கள் முன்பே கண்டிருந்தனர். 1996இல் அதன் எழுத்துகளைப் படித்து முடித்தபோது, அது பசுங்கணிகத்துக்கு உரிய துண்டு என்பது உறுதியாயிற்று. இருட்டுக் குருதியில் வாழும் ஒட்டுண்ணிக்குள் ஒரு பசுங்கணிகம்! பச்சை போய்விட்டது, வெயிலில் சோறாக்கும் ஆற்றலும் போய்விட்டது, ஆனால் நான்கு சவ்வு சுற்றிய அந்தப் பழைய பெட்டி இன்னும் இருக்கிறது. அதற்கு ஏப்பிகோபிளாஸ்ட் என்று பெயரிட்டனர். பிளாஸ்மோடியத்தின் முன்னோன் என்றோ ஒரு செம்பாசியின் வழிவந்த பசுங்கணிகத்தை உடலுக்குள் பெற்று, கடலில் வெயில் காய்ந்து வாழ்ந்தவன். லவேரான் பாசிப் பெயர் சூட்டியதை நினைவூட்டிச் சிலர் மகிழ்வதுண்டு, அது தற்செயலே.

வெயிலே படாத உயிர் இந்தப் பெட்டியை ஏன் இன்னும் சுமக்கிறது? 2011இல் எலன் யே, ஜோசப் டெரிசி என்னும் ஆய்வாளர் இருவர் ஒரு சோதனை செய்தனர். அந்தப் பெட்டியை இழக்கச் செய்தால் குருதியிலுள்ள கிருமி இறந்துவிடுகிறது. ஆனால் ஐசோபென்டெனில் பைரோபாஸ்பேட் என்னும் ஒரே ஒரு பொருளை வெளியிலிருந்து ஊட்டினால், பெட்டி இல்லாமலே பிழைத்துக்கொள்கிறது. குருதியில் வாழும் பருவத்தில் பெட்டி செய்யும் இன்றியமையாத வேலை அந்தப் பொருளைச் செய்வதே. ஐந்து கரி அணுக்கள் கொண்ட சிறிய செங்கல் அது.

அந்தப் பெயரை நான் முதலில் படித்தது மலேரியா நூலில் அன்று, ரப்பர் நூலில். பால்மரம் தன் பட்டைக்குள் ஆயிரம் ஆயிரமாகக் கோத்து ரப்பர் செய்வது அதே செங்கல்லைக் கொண்டுதான். என் தாத்தா வெட்டி இறக்கிய பாலும், அவர் குருதியில் புகுந்த கிருமியின் உயிரும் ஒரே ஐந்தணுச் செங்கல்லை நம்பியிருந்தன. இதனை அறிந்த இரவில் எனக்கு நெடுநேரம் உறக்கம் வரவில்லை. நம் உடலும் இந்தச் செங்கல்லைச் செய்கிறது. ஆனால் வேறு வழியில். பசுங்கணிகத்து வழி நமக்குக் கிடையாது. ஆகவே அந்த வழியை அடைக்கும் மருந்து நம்மைத் தொடாமல் கிருமியைக் கொல்லலாம் என்று தேடுகிறார்கள். பாக்டீரியாவுக்கு என்று செய்த டாக்சிசைக்ளின் மலேரியாவையும் தடுப்பதற்குக் காரணம், அது இந்தப் பெட்டிக்குள் நடக்கும் வேலையை நிறுத்துவதே. குலம் தெரிந்தால் மருந்து தெரியும்.

கிருமி ஆளைப் பிடித்தது. இன்னொன்று மரத்தைப் பிடித்தது. அடைமழைக் காலத்தில், வெட்டிய பட்டைக்கு மேலே, பட்டையைச் சுரண்டினால் கட்டையில் கருங்கோடுகள் மேலும் கீழுமாக ஓடியிருக்கும். நாளடைவில் அழுகிப் புண்ணாகும். புதுப்பட்டை மேடும் பள்ளமுமாக வளரும். மறுமுறை அங்கே கத்தி வைக்க முடியாது. மழை நாளில் வெட்டுக்குப் பின் தூரிகையால் மருந்து பூசுவது அதற்காகத்தான். அந்நோயைச் செய்வது பைட்டொப்தோரா. செடியழிப்பான் என்று பொருள். 1845இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழித்துப் பஞ்சம் கொணர்ந்ததும் அதன் இனமே. கேரளத்து ரப்பர்த் தோட்டங்களில் மழைக்காலத்தில் இலைகளை உதிர்ப்பதும் அதுவே. நூல்போல் படர்வதாலும் வித்துகளால் பரவுவதாலும் அதனைப் பூஞ்சை என்றே எல்லாரும் கொண்டனர். தோட்டத்தில் எங்களுக்கும் அது பூஞ்சணம்தான்.

அது பூஞ்சையன்று. பூஞ்சையின் அணுச்சுவர் கைட்டின் என்னும் பொருளால் ஆனது. இறால் ஓட்டில் உள்ளதும் அதுவே. பைட்டொப்தோராவின் சுவர் பெரும்பாலும் செல்லுலோசால் ஆனது. அதன் வித்துகள் மழைநீரில் நீந்துகின்றன. அவற்றுக்கு இரண்டு கசைகள். ஒன்று வழவழப்பானது, மற்றொன்றில் வைக்கோல் போன்ற நுண்மயிர்கள் அடர்ந்திருக்கும். டயாட்டத்தின் நீந்தும் விந்தணுவிலும், கடலில் நாற்பது மீட்டர் வளரும் பழுப்புக் கடற்பாசியின் வித்திலும் அதே வைக்கோல் மயிர். மூன்றும் ஒரு குலம். பல பூஞ்சைக்கொல்லிகள் பைட்டொப்தோராவிடம் தோற்றதற்கும், 1970களின் பிற்பகுதியில் அதற்கென்றே வேறு மருந்து வந்ததற்கும் காரணம் இந்தக் குல வேறுபாடே.

பிளாஸ்மோடியத்தின் குலம் வேறு. மேற்சவ்வின் அடியில் தட்டையான பைகளை வரிசையாக அடுக்கி வைத்திருப்பது அக்குலத்தின் அடையாளம். நம் குட்டைப் பரமீசியம் அந்தக் குலம். 1976இல் சபாக் கடலைச் செந்நீராக்கிச் சிப்பி மீன்களை நஞ்சாக்கிய கசையுயிரும் அந்தக் குலம். வைக்கோல் மயிர்க் குலமும் இந்தப் பைக்குலமும் பங்காளிகள் என்று பரம்பரை ஒப்பீடு காட்டியது. 2007இல் இன்னொரு குலத்தையும் சேர்த்து மூன்றையும் ஒரே பெருங்கிளையாக அமைத்தார்கள். ஆக, பால்வெட்டுபவரைக் கிடத்திய கிருமியும், அவர் வெட்டிய மரத்தைக் கிடத்திய கிருமியும் ஒன்று விலங்கு என்றும் மற்றொன்று பூஞ்சை என்றும் நூறாண்டு எழுதப்பட்டு, கடைசியில் பங்காளிகளாக நிற்கின்றன. உண்மையான பூஞ்சையோ அந்தப் பக்கமே இல்லை. அது நம் பக்கம். மழைவிட்ட காலையில் கட்டையில் முளைக்கும் காளான், பைட்டொப்தோராவைவிட மனிதனுக்கே நெருங்கிய உறவு.

ஆசிரிய நண்பர்களுக்கு இங்கே ஒன்று கூற வேண்டும். புரோட்டிஸ்டாவுக்குத் தமிழில் ஓரணு உயிர் என்றும் முதலுயிர் என்றும் பெயர் வழங்குவோர் உளர். இரண்டும் பொருந்தா. பாக்டீரியாவும் ஓரணு உயிரே; கடற்பாசியோ பலகோடி அணுக்கள் கொண்டது. முதலுயிர் என்றால் இவை நமக்கு முன்னே தோன்றி வளராமல் நின்றுவிட்டவை என்ற எண்ணம் பிள்ளைகள் மனத்தில் விழுகிறது. மனிதக் குருதிக்குள் வாழக் கற்ற பிளாஸ்மோடியம் வளராமல் நின்றுவிட்டதா? சொல்லாக்கத்தில் ஆர்வமுள்ளவன் நான். 2003 முதல் சில ஆண்டுகள் அறிவியல் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டபோது தமிழ்க் கலைச்சொற்கள் மாணவர் நாவிலிருந்து நழுவியதைக் கண்டு வருந்தியவன். ஆயினும் இங்கே புரோட்டிஸ்டா என்ற ஒலியையே வைத்துக்கொள்வது மேல் என்பது என் கருத்து. குடும்பமே அல்லாத ஒன்றுக்குக் காரணப்பெயர் தேடினால் காரணமே பொய்யாகிவிடும். இடுகுறியாக இருக்கட்டும். உள்ளே இருக்கும் குலங்களுக்குத் தமிழ்ப்பெயர் வைப்போம். வைக்கோல் மயிரினம், பையடுக்கினம் என்று நான் வகுப்பில் வழங்கிவந்தேன். இவற்றினும் நல்ல சொல் யாரேனும் தந்தால் மகிழ்வேன்.

தோற்றத்தை நம்பிக் குலத்தைத் தவறவிடும் கதை நம் நாட்டிலேயே அண்மையில் மறுபடியும் நடந்தது. குரங்குகளின் மலேரியாக் கிருமியாகிய நோலெசி மனிதனை இயற்கையாகத் தொற்றுவது 1965இல் முதன்முதல் அறியப்பட்டது; தொற்றியவர் பகாங் காட்டில் பணிசெய்துவிட்டு ஊர் திரும்பிய ஓர் அமெரிக்கர். அரிய நிகழ்ச்சி என்று அதை மறந்தனர். சரவாக்கின் காப்பிட் பகுதியில், 72 மணி முறையுள்ள மலேரியே வகை என்று நுண்ணோக்கியில் கண்டு எழுதப்பட்ட நோயாளிகள் ஏராளமாக இருந்தனர். அவர்கள் நோயோ அந்த வகைக்கு மீறிக் கடுமையாக இருந்தது. பல்பீர் சிங்கும் ஜேனட் காக்ஸ் சிங்கும் அவர்கள் தோழரும் பரம்பரைப் பொருளைச் சோதித்து, மலேரியா கண்ட 208 பேரில் 120 பேருக்கு இருந்தது நோலெசி என்று 2004இல் வெளியிட்டனர். நுண்ணோக்கிக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் நோலெசியின் முறை 24 மணி நேரம்; நாள்தோறும் பெருகும்; கவனியாவிட்டால் விரைவில் கொல்லும். மனித மலேரியா இந்நாட்டு மண்ணிலேயே தொற்றுவது 2018 முதல் இல்லாமற் போயிற்று; அதன்பின்னும் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் நோலெசியால் காய்ச்சலுறுகின்றனர். கொசுவை ஒழித்தாலும் காட்டுக் குரங்குக்கு யார் கொயினா கொடுப்பது?

பாடாங் செராய்ச் சுற்றுவட்டாரம் மாறிவிட்டது. செராய் என்றால் நம் வீட்டு எலுமிச்சம்புல். அந்தப் புல்வெளிப் பெயரைத் தாங்கிய ஊரில் வீடமைப்புப் பகுதிகள் எழுந்துள்ளன. பால்மரம் நின்ற இடங்களில் செம்பனை. 1996இல் தொடங்கிய கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவில் பேரப்பிள்ளைகள் வெள்ளை அங்கி அணிந்து நுண்சில்லு செய்கின்றனர். ஆயினும் மழை பெய்தால் வடிகாலில் நீர் தேங்குகிறது. அதில் ஒரு சொட்டு எடுத்தால் பரமீசியம் இருக்கிறது.

பணி ஓய்வு பெறுவதற்கு முந்திய ஆண்டில் கரும்பலகையில் இந்தப் பெருங்கிளைகளை மரமாக வரைந்து காட்டினேன். ஒரு கிளையில் பிளாஸ்மோடியமும் பரமீசியமும். அடுத்த கிளையில் பைட்டொப்தோராவும் டயாட்டமும் கடற்பாசியும். எதிர்ப்புறம் தள்ளி ஒரு கிளையில் அமீபா. அதற்குப் பக்கத்துக் கிளையில் காளானும் மனிதனும். வேறொரு மூலையில் பால்மரம். கடைசி வரிசையிலிருந்து ஒரு சிறுமி நெடுநேரம் பார்த்துவிட்டு, "ஐயா, இதில் லாயின்-லாயின் எங்கே?" என்று கேட்டாள். "இந்த மரத்தில் அப்படி ஒரு கிளை இல்லை அம்மா" என்றேன். அவள் அந்த மரத்தைத் தன் புத்தகத்தில் வரைந்துகொள்ளத் தொடங்கினாள்.